பதினாலாம் குழி

எங்கள் வேலையிடத்தில் அவளுக்கு 'மோப்பம்' என்று பெயர். வைத்தது நான்தான், அதனால் மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. மண்ணைத் தோண்டி எடுத்துக் கையில் கொடுத்தால் போதும், அரை முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டே, "இது டீசல் அண்ணே, பழசு, பத்து வருஷமாவது இருக்கும்" என்று சொல்லிவிடுவாள். பத்து நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து வருகிற காகிதமும் அதையேதான் சொல்லும். என்ன, அது பன்னிரண்டு பக்கத்தில் சொல்லும்.

நான் துளை போடுகிற வண்டி ஓட்டுகிறவன். எண்ணெய்க் கிடங்கு, பழைய பணிமனை என்று எதையாவது இழுத்து மூடிவிட்டு, அந்த இடத்தில் வேறு யாராவது கட்டடம் கட்ட வருகிறார்கள் என்றால், முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மண்ணுக்குள் எவ்வளவு எண்ணெய் இறங்கியிருக்கிறது, எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் குழாயைத் தரைக்குள் அடித்து இறக்கி, மண்ணோடு உருவி எடுத்துக் கொடுப்பேன். அவள் குழாயைப் பிளந்து, மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் காற்றுப் புகாமல் விளிம்புவரை அடைத்து, மூடி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைப்பாள். ஒவ்வொரு புட்டிக்கும் முன்னால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவாள். மாட்டியதும் நோட்டில் ஒரு டிக் அடிப்பாள். டிக் அடிக்காமல் மண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "மாப்பிள்ளைகூட இத்தனை தடவை சட்டை மாத்தமாட்டான் தங்கச்சி" என்று கிண்டல் செய்வேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

அவள் படித்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. ஆய்வகத்தில் புட்டி கழுவுகிற ஆளாகச் சேர்ந்தவள். ஐந்து வருடம், நாளைக்கு இருநூறு புட்டி. கழுவுவதற்கு முன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் படித்தே மண்ணெண்ணெய் எது, உலை எண்ணெய் எது என்று பழகிக்கொண்டாள். ஒருநாள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆய்வகத் தலைவர் மேசைமேல் வைத்து, "சார், இதுல சீட்டெல்லாம் மாறிப்போச்சு" என்றாளாம். அவர் முதலில் சிரித்தார், பிறகு சோதித்தார், அப்புறம் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். அடுத்த மாதமே அவளை என் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அது நடந்து ஒன்பது வருடம்.

கல்யாணக் கதையும் இருக்கிறது. அவளுடைய ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டது, பக்கத்தில் இருந்த மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அது தானாக நிற்கவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும், ஆனால் யார் செய்தது என்று இன்றுவரை ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகும் கொல்லையில் உட்கார்ந்து எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார்.

இனி அந்தக் கிடங்கு விஷயத்துக்கு வருகிறேன். ஆறு தொட்டி, எல்லாம் டீசலும் உலை எண்ணெயும். மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. கிடங்கின் பின்சுவரை ஒட்டி வரிசையாக ஒன்பது வீடு. அதில் மூன்றாவது வீட்டில்தான் இவள் குடியிருக்கிறாள். "வாழ்க்கையில முதல் தடவையா நடந்தே வேலைக்கு வர்றேன் அண்ணே" என்று முதல்நாள் அவ்வளவு சந்தோஷப்பட்டாள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேலை செய்கிற இடமும் படுக்கிற இடமும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் இருப்பது எனக்கு என்னவோ போலிருந்தது.

பதின்மூன்று குழி தொட்டிகளைச் சுற்றி. எல்லாவற்றிலும் டீசல், எதிர்பார்த்ததுதான். அந்த மண்ணைத் தோண்டி ஆள் உயரத்துக்குக் குவித்து, உரம் கலந்து, தண்ணீர் தெளித்து, குவியலுக்குள் காற்றுக் குழாய் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆறேழு மாதத்தில் எண்ணெயைத் தின்று தீர்த்துவிடும். சோறு போட்டு வேலை வாங்குகிற கதைதான். ஆனால் எதுவரை தோண்டுவது என்று எல்லை தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிப் பதினாலாம் குழி. அது சுத்தமாக இருந்தால் எண்ணெய் வீடுகள் பக்கம் போகவில்லை என்று அர்த்தம்.

அன்றைக்கு வாயுமானி பழுதுபார்க்கப் போயிருந்தது. மண் பக்கத்தில் வைத்தால் எண்ணெய் ஆவியை எண்ணில் காட்டுகிற கருவி அது. "மீட்டர் இல்லன்னா என்ன, அக்கா இருக்காங்களே" என்று சொல்லிவிட்டார் இன்ஜினியர் மேடம். சின்ன வயசு, நல்ல பெண், எல்லாவற்றுக்கும் அவசரம். என் மூக்கை யாரும் கேட்கவில்லை. அது வண்டிப் புகையில் எப்போதோ செத்துப்போய்விட்டது.

அவள் மண்ணைப் பார்த்தாள், முகர்ந்தாள். "ஒண்ணுமில்ல அண்ணே. சுத்தம்" என்றாள்.

பத்து நாளில் காகிதம் வந்தது. பதினாலாம் குழியில் பெட்ரோல்.

டீசல் என்றால்கூடப் புரிந்திருக்கும். அந்தக் கிடங்கில் ஒருநாளும் பெட்ரோல் இருந்ததில்லை. அதுவும் பழையது இல்லை, ஆவியாகக்கூட நேரம் கிடைக்காத புதுப் பெட்ரோல் என்கிறது காகிதம். மேடம் அதை மூன்று தடவை படித்தார். நான் தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை படித்தேன். இருவருக்கும் ஒரே அளவுதான் புரிந்தது.

பிறகு மேடத்துக்கு ஒன்று தோன்றியது. "அக்கா, அன்னிக்கு ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊத்தினது யாரு?"

கருவிகளைக் கழுவத் தண்ணீர்ப் பம்பு வேண்டும், பம்புக்கு ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வேண்டும். வழக்கமாக ஊற்றுவது நான். அன்றைக்கு என் வண்டியில் கம்பி மாட்டிக்கொண்டு நான் அடியில் கிடந்தேன். ஊற்றியது அவள்.

"ஊத்தின கையோட கிளவுஸ் மாத்தினீங்களா?"

"மாத்தினேன் மேடம். டிக் இருக்கு பாருங்க."

"டிக் இருக்கு. ஆனா டிக் பழக்கத்துல கூட விழுந்திருக்கலாம்ல? மண்ணுல நிஜமா பெட்ரோல் இருந்திருந்தா உங்களுக்குத் தெரியாம போயிருக்குமா? நீங்கதான் சுத்தம்னு சொன்னீங்க."

அதுதான் கொக்கி. அவள் மூக்கு சரி என்றால் கை தப்பு. கை சரி என்றால் மூக்கு தப்பு. இரண்டில் எது தப்பானாலும் அது அவளுடையதுதான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாத்தினாங்க மேடம், நான் பாத்தேன்" என்றேன்.

மேடம் போனபிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "நிஜமாவே பாத்தீங்களா அண்ணே?"

வண்டிக்கு அடியில் கிடந்தவன் என்னத்தைப் பார்ப்பது? மென்று விழுங்கினேன். அவள் முகம் வாடிவிட்டது. நான் பொய் சொன்னதற்காக இல்லை. யாராவது பார்த்திருக்கமாட்டார்களா என்று அவளே உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மேடம் ஒரு தாளை அவள் கையில் கொடுத்தார். 'பதினாலாம் குழியில் மாதிரி எடுக்குமுன் கையுறை மாற்றியது உறுதியாக நினைவில்லை' என்று ஒரே ஒரு வரி, கீழே அவள் கையெழுத்துக்கு இடம். "இதுல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அந்தக் குழியைச் சுத்தம்னு கணக்குல எடுத்துடலாம் அக்கா. வீடுகளுக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. உங்கள லேபுக்குத் திருப்பி அனுப்புன்னு சொல்வாங்க, நான் பேசிப் பாக்கறேன். மூணு நாள் நான் தலைமை ஆபீஸ்ல இருப்பேன், வந்து வாங்கிக்கறேன்."

லேபுக்கு என்றால் மறுபடி புட்டி கழுவ. மேடம் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் அதுதான் உண்மை என்று தோன்றியது. எனக்கே பாதி தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மோப்பம் அந்தத் தாளை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். "கையுறை தப்புன்னா என் பேரு போச்சு. தப்பு இல்லன்னா என் வீட்டுப் பக்கம் எண்ணெய் வந்திருக்கு. எதுவா இருக்கணும்னு வேண்டிக்கறதுன்னே தெரியல அண்ணே" என்றாள்.  "டீ சாப்பிடுறியா?" என்று கேட்டேன். 

மத்தியானம் வாயுமானி பழுது நீங்கி வந்து சேர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னைத் தட்டி எழுப்பினாள். "இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாம். வண்டி வேணாம், ஜெனரேட்டர் வேணாம். கைத்துளை மட்டும்."

யாரும் கேட்காத வேலை, எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாத வேலை. பெட்ரோல் வாசமே படாத புதுக் கையுறைப் பெட்டியைப் பிரித்தாள். நான் துளைக்கம்பியைக் கையாலேயே முறுக்கி முறுக்கி இறக்கினேன், முதுகு விட்டுப்போயிற்று. ஆறடியில் மண்ணை வெளியே எடுத்து மீட்டரைக் காட்டியதுதான் தாமதம், எண் சரசரவென்று ஏறி உச்சத்தில் போய் நின்றது.

கையுறை தப்பு இல்லை. நான் கையைத் தூக்கி ஒரு ஆட்டம் போட்டேன், ஐம்பத்திரண்டு வயதில். அவள் ஆடவில்லை. அந்த மண்ணை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே அண்ணே."

"என்னது?"

"மீட்டர் கத்துது. எனக்கு வெறும் மண்ணு வாசம்தான் வருது."

சுவரை நோக்கி இரண்டடி தள்ளி இன்னொன்று போட்டோம். அதில் முன்னதைவிட அதிகம். தொட்டிகள் பக்கமாகத் தள்ளிப் போட்டதில் ஒன்றுமே இல்லை. கிடங்கிலிருந்து வீடுகளுக்குப் போகிற எண்ணெய் என்றால் தொட்டிப் பக்கம்தானே அதிகம் இருக்க வேண்டும்? இது சுவரை நெருங்க நெருங்க ஏறுகிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நாங்கள் இருவரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அந்தப் பக்கம் போய் அளந்து பாத்துட்டு வரலாம்" என்றாள்.

வாசல் வழியாகச் சுற்றிப் போனோம். நான் அவள் வீட்டு முன்னறையில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், கொல்லைப் பக்கம் போனதில்லை. பின்கதவைத் திறந்ததும் செத்துப்போன என் மூக்குக்கே சுள்ளென்று ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பெட்ரோல் நாறுது தங்கச்சி."

"அதெல்லாம் இல்ல அண்ணே. அவரு சட்டை காயுது. எப்பவும் இருக்கறதுதான்."

அவள் கணவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தகர டப்பாவில் பெட்ரோல் ஊற்றி, ஒரு கார்புரேட்டரைப் பிரஷ் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அன்று கடை விடுமுறை. என்னைப் பார்த்து எழுந்து, ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தடுமாறி, "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்றார். கழுவி முடித்த கறுப்புப் பெட்ரோலை எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து, சுவரடியில் கல் அடுக்கிய சின்னப் பள்ளத்தில் ஊற்றினார். சளக் என்று ஒரு சத்தம். மண் குடித்துவிட்டது.

 அவள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இதை எப்பவும் இங்கதான் ஊத்துவீங்களா?"

"ஆமா. சாக்கடையில ஊத்தினா பத்திக்கும்னு பயந்துதான் இங்க ஊத்தறேன். ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர். ஏன்?"

"எத்தனை வருஷமா?"

"குடி வந்ததுல இருந்து. ஆறு வருஷம் ஆயிடுச்சே."

"வீடெல்லாம் வாசம் வருமே, உங்களுக்குத் தெரியலையா?"

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "அது நீ கொண்டுவர்ற வாசம் இல்லையா? நீ எண்ணெய் மண்ணுலயே வேலை பாக்கறியே, அதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

இவள் அவர் சட்டை என்று நினைத்திருக்கிறாள், அவர் இவள் வேலை என்று நினைத்திருக்கிறார். ஒருவருக்கொருவர் பெருந்தன்மையாக ஆறு வருடம் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறுத்துப் பொறுத்து, அந்த ஒரு வாசம் மட்டும் அவள் மூக்குக்குத் தெரியாமலே போய்விட்டது. வேறு இடமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

திரும்பிக் கிடங்குக்கு நடந்தோம். கேட் பக்கம் வந்ததும், "அண்ணே, மேடம் வர்ற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியாது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், எல்லாம் அமுங்கிவிடும். கிடங்கு மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்வார்கள், சுவரோரம் யாரும் வரமாட்டார்கள், அவள் புட்டி கழுவப் போவாள். போடாவிட்டால் அவள் கைசுத்தம் நிரூபணம் ஆகும், வீட்டைக் காலி செய்ய வேண்டும், அவள் புருஷன் பெயர் ரிப்போர்ட்டில் ஏறும். நான் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று நாளில் நாலு விதமாக முடிவு செய்தேன்.

அந்த மூன்று நாளும் அவள் வேலைக்கு வந்தாள், குவியலுக்குத் தண்ணீர் தெளித்தாள், உரம் கலந்தாள். தாள் நோட்டுக்குள் இருந்தது. கொல்லையில் இனி ஊற்ற வேண்டாம் என்று மட்டும் கணவரிடம் சொல்லியிருந்தாள், காரணம் சொல்லவில்லை. "ஏதோ கோவத்துல இருக்கா, என்னன்னே புரியலண்ணே" என்று அவர் எனக்குப் போன் செய்தார். எனக்கும் புரியவில்லை என்று சொன்னேன். அது பாதி பொய்.

நாலாம் நாள் காலையில் மேடம் வந்து கையை நீட்டினார். அவள் தாளைக் கொடுத்தாள். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. பின்பக்கத்தில் அளவோடு ஒரு படம் வரைந்திருந்தாள். சுவர், எங்கள் மூன்று கைத்துளைகள், மீட்டர் காட்டிய எண்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் 'மாசு தொடங்கும் இடம். மூன்றாம் எண் வீட்டுக் கொல்லை' என்று எழுதியிருந்தாள்.

மேடம் எண்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து வட்டத்தில் நிறுத்தினார். "அக்கா, மூணாம் நம்பர் உங்க வீடு இல்ல?"

"ஆமா மேடம்."

மேடம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்கள நம்பியிருக்கணும்" என்றார். "நானே நம்பல மேடம்" என்றாள் இவள்.

இரண்டு நாளில் வேலை தொடங்கிவிட்டது. என் வண்டி அந்தக் கொல்லைக்குள் நுழைய முடியாமல் வேலியை எடுக்க வேண்டியிருந்தது. சாமான்களைக் கட்டி முன்னறையில் வைத்திருந்தார்கள், சாயங்காலம் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. நாலு வயது மகள் பொம்மைச் சட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவதா, சட்டியைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் படியில் நின்றது. மெக்கானிக் ஓரமாக நின்றார். தோண்டத் தோண்டக் கறுப்பு மண் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர்தானே ஊத்தினேன்" என்று அவ்வப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் குழாயை உருவிக் கொடுத்தேன். அவள் கையுறை மாற்றினாள், டிக் அடித்தாள், புட்டியை நிரப்பினாள். நான் வண்டியை நிறுத்தியதும் திடீரென்று அமைதி. அந்த அமைதியில் அவர் அவள் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"கிளவுஸ் தப்புன்னே விட்டிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் புட்டியின் மூடியை இறுக்கி முடித்தாள்.

"விட்டுட்டேங்க. மூணு நாள் விட்டுட்டுத்தான் இருந்தேன். மூணு நாளும் பாப்பா இந்தப் பள்ளத்துக்கிட்ட உக்காந்து இந்த மண்ணுல சோறு பொங்கி விளையாடிச்சு. அங்க போகாதன்னேன். ஏம்மான்னு கேட்டுச்சு. காரணம் சொன்னா உங்ககிட்ட வந்து சொல்லிடுமேன்னு, சரி போய் விளையாடுன்னு நானே அனுப்பிவிட்டேன்."